மசாஜ் உடம்புக்கு நிஜமாகவே ஏதாவது செய்கிறதா?

பிப்ரவரி 3 – வாசகர் கேள்வி

நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் வேலை. பிடரியிலிருந்து வலது தோள்பட்டை வரை ஒரே இறுக்கம். சாயங்காலம் ஆனால் தலைவலியும் சேர்ந்துகொள்கிறது. கூட வேலை பார்ப்பவர் தவறாமல் மசாஜுக்குப் போகிறார். ரத்த ஓட்டம் கூடும், நச்சு வெளியேறும், ஸ்ட்ரெஸ் ஹார்மோன் இறங்கும் என்கிறார். சொந்தத்தில் ஒரு டாக்டர், "அந்த ஒரு மணி நேரம் சுகமா இருக்கும், அவ்வளவுதான், மத்ததெல்லாம் கதை" என்கிறார். யார் சொல்வது சரி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

நண்பர் சொல்லும் பலன் உண்மை, சொல்லும் காரணங்கள்தான் பெரும்பாலும் நிற்காதவை. டாக்டர் காரணங்களைத் தள்ளியது சரி, பலனையும் சேர்த்துத் தள்ளியது அவசரம்.

எனக்குக் கீழ்முதுகு வலி பல வருடமாக உண்டு. மாத்திரை, பெல்ட், பயிற்சி எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மசாஜுக்கு வந்தேன். உதவியது. எப்படி உதவியது என்று தேடப்போய் நிறையப் படிக்க நேர்ந்தது. அதில் என் எண்ணத்தையே திருப்பிப் போட்டது 2011-இல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவில் டேனியல் செர்கின் என்பவரின் குழு, நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 401 பேரை மூன்று பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு உடம்பைத் தளர்த்தும் பொதுவான மசாஜ். இன்னொரு பிரிவுக்கு, வலிக்குக் காரணமான இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதைக் குறிவைத்துச் செய்யும் மசாஜ். இரண்டுமே வாரம் ஒன்றாகப் பத்து முறை. மூன்றாவது பிரிவு வழக்கமான வைத்தியத்தோடு நின்றது.

பத்து வாரம் முடிந்தபோது மசாஜ் பெற்ற இரண்டு பிரிவினருமே மூன்றாவது பிரிவைவிட நன்றாக நடமாடினார்கள், வலியும் குறைந்திருந்தது. அந்த இரண்டு பிரிவுக்கும் நடுவே சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. குறிவைத்து அழுத்தியதும் ஒன்றுதான், பொதுவாக நீவி விட்டதும் ஒன்றுதான். இதை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனி நான் எழுதப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

பிப்ரவரி 4

"அப்படியானால் முதுகுவலிக்கு மசாஜ் நிரூபிக்கப்பட்ட வைத்தியமா?" என்று கீழே ஒருவர். அவ்வளவு தூரம் போக முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, கீழ்முதுகு வலிக்கு மசாஜ் பயன்படும் என்பதில் தங்களுக்கு மிகக் குறைந்த நம்பிக்கையே இருக்கிறது என்று எழுதியது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2017-இல், அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் சங்கம் கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. புதிதாக வந்த வலி என்றால் மாத்திரைக்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றில் சூடு வைப்பதோடு மசாஜையும் சேர்த்திருந்தார்கள்.

இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதாக எனக்குத் தோன்றவில்லை. மாத்திரை ஆய்வில் வெறும் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடலாம். மசாஜில் அதற்கு வழி கிடையாது. முதுகில் கை பட்டதா இல்லையா என்பது படுத்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்குமா? அதனால் மசாஜ் ஆய்வு எவ்வளவு கவனமாக நடந்தாலும் தரவரிசையில் மேலே ஏறாது. பலன் சிறியது, அதை நிரூபிக்கும் வழியும் குறுகலானது. ஆனால் கெடுதல் மிகக் குறைவு. முதுகுவலிக்காரருக்கு இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் முயன்று பார்க்கும் பக்கம்தான் தராசு சாய்கிறது.

பிப்ரவரி 6

நச்சு விஷயம். இதை இங்கேயே முடித்துவிடலாம்.

உடம்பின் கழிவை வடிக்க கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. தசையை அமுக்கினால் ஏதோ ஒரு விஷம் பிழிந்து வெளியே வருகிறது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. எந்த நச்சு என்று கேட்டுப் பாருங்கள், பெயர் வராது. பெயர் சொல்பவர்கள் பெரும்பாலும் லாக்டிக் அமிலத்தைச் சொல்வார்கள். கடுமையாக ஓடினால் அது சேரும் என்பது உண்மை. ஆனால் ஓட்டம் நின்று ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் உடம்பே அதைத் தீர்த்துவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வருகிற தசை வலிக்கு அது காரணமே இல்லை. அந்த வலி, பழக்கமில்லாத உழைப்பில் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தாலும் அதைச் சரிசெய்யும் அழற்சியாலும் வருவது.

கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2010-இல் நேரடியாகவே அளந்து பார்த்தார்கள். முன்கையைக் களைக்கும்வரை பயிற்சி செய்ய வைத்து, பிறகு மசாஜ் செய்தால் லாக்டிக் அமிலம் சீக்கிரம் போகிறதா என்பது கேள்வி. போகவில்லை. ஒவ்வொரு முறை கை அழுத்தும்போதும் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டு, அமிலம் வெளியேறுவது தாமதம்தான் ஆனது. நண்பர் சொன்ன "ரத்த ஓட்டம் கூடும்" என்பதற்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. தோல் சிவந்து சூடாவது நமக்கே தெரிகிறது. உள்ளே தசைக்குப் போகும் ரத்தமும் அதே அளவுக்குக் கூடுகிறது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

பிப்ரவரி 6, கொஞ்ச நேரம் கழித்து

நச்சு இல்லை என்றால் தசைக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகாது. கனடாவிலேயே மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் டார்னோபோல்ஸ்கி குழு 2012-இல் செய்தது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. 11 இளைஞர்களை சைக்கிள் மிதிக்க வைத்துக் களைக்க விட்டார்கள். ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிட மசாஜ், மறு கால் சும்மா. பிறகு இரண்டு தொடையிலிருந்தும் துளித் துளியாகத் தசையை வெட்டியெடுத்துப் பார்த்தார்கள். மசாஜ் பெற்ற காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் புதிதாக உருவாக்கும் சமிக்ஞை கூடியிருந்தது. லாக்டிக் அமிலத்தில் மாற்றம் இல்லை.

ஒரே ஆளின் இரண்டு கால்களை ஒப்பிட்டார்கள் என்பதுதான் இதன் அழகு. வயசு, சாப்பாடு, தூக்கம் என்று எதையும் சாக்காகச் சொல்ல முடியாது. ஆனால் 11 பேர்தான், எல்லாரும் ஆரோக்கியமான இளைஞர்கள். எழுபது வயது முழங்காலுக்கு இதை அப்படியே எடுத்துக்கொண்டு போக எனக்குத் தயக்கம்.

பிப்ரவரி 9

"வலிக்க வலிக்க அமுக்கினால்தான் முடிச்சு கரையும், இல்லாவிட்டால் காசு தண்டம்" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. இதைப் படித்ததும் எனக்குப் பழைய கோபம் திரும்பிவிட்டது.

ஆரம்பத்தில் நான் போன ஒருவரும் இதே கொள்கைக்காரர். முழங்கையை என் தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவே வைத்து முழு எடையையும் இறக்குவார். வலிக்கிறது என்றால், "நல்ல வலி, தாங்கிக்கங்க" என்பார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு கிடப்பேன். வீட்டுக்கு வந்தால் முதுகில் நீலமாகக் கன்றிய தழும்புகள். இரண்டு நாள் ஒருக்களித்துப் படுக்கவும் முடியாது. அது ஆறியதும் வருகிற நிம்மதியை வைத்தியத்தின் பலன் என்று அவர் கணக்கு எழுதிக்கொள்வார்.

பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா கிடைத்தார். அவர் கை வந்து படியும் விதமே வேறு. முதலில் உள்ளங்கை முழுவதும் முதுகில் படிந்து அப்படியே நிற்கும், அழுத்தம் கிடையாது. என் மூச்சு எங்கே ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார். மூச்சு வெளியே போகும்போது கை ஒரு நூல் அளவு உள்ளே போகும், மூச்சு உள்ளே வரும்போது கையும் அதோடு மேலே வரும். பிடித்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு வந்தால் கட்டைவிரல் நின்றுவிடும். அங்கே தேய்க்க மாட்டார், கிண்ட மாட்டார், காத்திருப்பார். அரை நிமிடம் இருக்கலாம். அதுவரை நான் தூக்கிப் பிடித்திருக்கிறேன் என்பதே தெரியாத தோள், தானாக இறங்கி மேசையில் படும். "வலியைப் பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க, ஆறுக்கு மேல போனா நான் நிறுத்திடுவேன்" என்பது அவருடைய சட்டம்.

எந்தக் கை உடம்போடு ஒத்துப்போகிறது என்பதற்கு எனக்கு இதற்கு மேல் ஆய்வு தேவைப்படவில்லை. ஆனாலும் ஆய்வும் அந்தப் பக்கமே நிற்கிறது. முதல் குறிப்பில் சொன்ன 401 பேரை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, 2008-இல் வெளியான ஒரு கணக்கு. தொடையின் வெளிப்பக்கம் ஓடும் தடித்த சவ்வையும் உள்ளங்காலின் சவ்வையும் வெறும் ஒரு சதவீதம் நசுக்கவோ நகர்த்தவோ எவ்வளவு விசை வேண்டும் என்று கணித மாதிரி போட்டுப் பார்த்தார்கள். மனிதக் கை சாதாரணமாகத் தரும் எதையும் தாண்டிய விசை என்று வந்தது. ஆக, "சவ்வைப் பிரித்துவிட்டேன், ஒட்டியதை உடைத்துவிட்டேன்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. இளகுவது உண்மை. இளக்குவது நரம்பு மண்டலம். மூளை "இங்கே ஆபத்து இல்லை" என்று முடிவு செய்தால்தான் தசையை விடும். வலிக்க வலிக்க அமுக்கிக்கொண்டே மூளையிடம் ஆபத்து இல்லை என்று எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 12

நரம்பு மண்டலம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, பிரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நியாயம்.

முழங்கை கதவில் இடித்தால் உடனே மறு கை போய்த் தேய்க்கிறது. யாரும் சொல்லித் தந்ததில்லை. அது ஏன் வலியைக் குறைக்கிறது என்பதற்கு ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். தொடுதலைக் கொண்டு போகும் தடித்த நரம்பு இழைகளும் வலியைக் கொண்டு போகும் மெல்லிய இழைகளும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. தொடுதலின் செய்தி அதிகமானால் வலியின் செய்தி மேலே ஏறுவது அங்கேயே தடுக்கப்படுகிறது. அந்த இடத்தை அவர்கள் வாசற்கதவு என்றார்கள். விவரங்களில் பின்னால் நிறையத் திருத்தம் வந்தது, ஆனால் தண்டுவடத்திலேயே வலி மட்டுப்படுத்தப்படுகிறது என்ற அடிப்படை நிற்கிறது.

அடுத்தது இதைவிடச் சுவாரசியம். ரோமம் உள்ள தோலில் ஒரு தனி வகை இழைகள் இருக்கின்றன. மிக மெதுவாகச் செய்தி அனுப்புபவை, வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். எங்கே தொட்டார்கள் என்று துல்லியமாகச் சொல்ல அவற்றால் ஆகாது. இதமாகத் தொட்டார்கள் என்பதை மட்டும் மூளைக்குச் சொல்கின்றன. ஸ்வீடனில் ஹோகன் ஒலாஸன் குழு 2002-இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியது. தடித்த தொடு நரம்புகள் எல்லாம் நோயால் போய்விட்டவர். சாதாரணமாகத் தொட்டால் தெரியாது. ஆனால் மென்மையான தூரிகையால் முன்கையில் மெதுவாக வருடியபோது, மங்கலாக, இதமாக ஏதோ உணர்கிறேன் என்றார். அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த மெதுவான இழைகள் மட்டும். வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், தோலின் வெப்பத்திலேயே இருக்கும் கை வருடும்போது இவை அதிகம் விழிக்கின்றன என்று பிற்பாடு கண்டார்கள்.

பிப்ரவரி 13

வேகத்தை எப்படி அளப்பது என்று கேட்டவருக்கு: மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பு வரை ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் இருக்கும். அந்தத் தூரத்தை எட்டு வினாடியில் கடந்து பாருங்கள். பலருக்கு இது பொறுமை இழக்கும் அளவு மெதுவாகத் தோன்றும். நாம் வழக்கமாக அதே இடத்தை இரண்டு வினாடியில் தாண்டிவிடுகிறோம். கை குளிர்ந்திருந்தால் முதலில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 17

வழி மாறிக் குழந்தைகள் பக்கம் போகிறேன், ஏனென்றால் மசாஜுக்கான ஆதாரத்தில் நான் அதிகம் மதிப்பது அங்கேதான் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் குறைமாதக் குழந்தைக்கு எதிர்பார்ப்பு கிடையாது, காசு கொடுத்தோமே என்ற எண்ணம் கிடையாது.

டிஃபனி ஃபீல்டும் அவருடைய சகாக்களும் 1986-இல் வெளியிட்டது: குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தினமும் மூன்று முறை, முறைக்குப் பதினைந்து நிமிடம், பத்து நாள் உடம்பை நீவி, கை கால்களை மடக்கி நீட்டிவிட்டார்கள். தொடப்படாத குழந்தைகளைவிட இவர்களுக்கு நாளொன்றுக்கு 47 சதவீதம் அதிகமாக எடை ஏறியது. குடித்த பாலின் அளவு ஒன்றுதான். மருத்துவமனையிலிருந்து ஆறு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். அதுவரை குறைமாதக் குழந்தையை முடிந்தவரை தொடாமல் வைத்திருப்பதே பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். ஃபீல்ட் 1992-இல் மயாமி பல்கலைக்கழகத்தில் தொடுதலை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அதே பாலில் அதிக எடை எப்படி என்ற கேள்விக்கு, தோலில் மிதமான அழுத்தம் விழும்போது, மூளையிலிருந்து வயிறுவரை ஓடும் வேகஸ் நரம்பு சுறுசுறுப்பாகி வயிற்றின் இயக்கம் கூடுகிறது என்று அவர்கள் பிறகு அளந்து காட்டினார்கள்.

இங்கே மிதமான என்பதைக் கவனியுங்கள். ஒன்பதாம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு லேசாகத் தடவினால் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இறகு போலத் தொட்டால் குழந்தைக்குக் கூச்சம்தான் வருகிறது, முகத்தைச் சுளித்துக் கையை உதறுகிறது. தோல் சற்று அமுங்கி, கை விலகியதும் உடனே எழும்பும் அளவு அழுத்தம் வேண்டும். கன்றிப்போகும் அழுத்தத்துக்கும் கூசும் தொடுதலுக்கும் நடுவே நல்ல அகலமான இடம் இருக்கிறது. அந்தப் பிசியோதெரபிஸ்ட் அம்மாவின் கை எப்போதும் அங்கேதான் இருந்தது.

பிப்ரவரி 20

ஸ்ட்ரெஸ் ஹார்மோன். மசாஜ் கார்டிசோலை மளமளவென்று இறக்கும் என்று எல்லா விளம்பரத்திலும் போடுகிறார்கள். கிறிஸ்டோஃபர் மோயர் என்ற உளவியலாளர் 2011-இல் சகாக்களோடு சேர்ந்து எல்லா ஆய்வுகளையும் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார். கார்டிசோலில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறியது, பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து பிரித்தறிய முடியாதது என்று வந்தது. ஆனால் இதே மோயர் 2004-இல் 37 ஆய்வுகளைத் தொகுத்தபோது, தொடர்ந்து பல முறை மசாஜ் பெற்றவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்த அளவு, மனநல சிகிச்சையில் குறையும் அளவுக்கு அருகில் இருந்தது. அதாவது மனசு லேசாவது நிஜம். அதைக் கார்டிசோல் கணக்கில் எழுத முடியாது.

என் அனுபவமும் இதுதான். முதுகுவலி ஒன்றிரண்டு நாளில் திரும்பி வந்துவிட்ட வாரங்களில்கூட, மசாஜ் அன்று இரவு தூக்கம் வேறு மாதிரி இருக்கும். நடுவில் புரளாத தூக்கம். தூங்கி எழுந்தால் அதே வலி பாதி பயத்தோடுதான் வரும். பல வருடம் வலியோடு இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். "அந்த ஒரு மணி நேரம் சுகம், அவ்வளவுதான்" என்பவர்கள் வலியில்லாதவர்கள். உடம்பு ஒரு மணி நேரம் வலிக்காமல் இருந்தது என்ற நினைவே, வலி நிரந்தரம் இல்லை என்பதற்குச் சாட்சியாக இருக்கிறது.

பிப்ரவரி 25

எவ்வளவு நேரம், எத்தனை முறை? பலர் இதைத்தான் கேட்கிறார்கள்.

கழுத்துக்கு: 2014-இல் நாள்பட்ட கழுத்து வலி உள்ள 228 பேரை வைத்துப் பார்த்தார்கள். முப்பது நிமிட மசாஜ் வாரம் இரண்டு மூன்று முறை என்றாலும் பெரிதாக உதவவில்லை. ஒரு மணி நேரம், வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, நான்கு வாரம் என்றபோது தெளிவான பலன் தெரிந்தது. முழங்கால் தேய்மானத்துக்கு: 2012-இல் 125 பேர், எட்டு வாரம். அங்கேயும் அரை மணியைவிட ஒரு மணி நேரம்தான் வேலை செய்தது, ஆனால் வாரம் ஒருமுறையே போதும் என்று வந்தது. மசாஜை நிறுத்தி, 24-ஆம் வாரம் பார்த்தால் வித்தியாசம் கரைந்துவிட்டது. செர்கினின் முதுகு ஆய்வில் ஆறு மாதம்வரை பலன் நின்று, ஒரு வருடத்தில் மிகவும் சுருங்கியது. ஆக முதுகுக்கு மாதக் கணக்கு, முழங்காலுக்கு அதைவிடக் குறைவு. யாராவது "நிரந்தரத் தீர்வு" என்று விற்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

என் அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம் இருந்தது. படுக்கப் போகும் முன் நானே தொடையிலிருந்து முட்டிக்குக் கீழே வரை பிடித்துவிடுவேன். முட்டிச்சில்லைச் சுற்றி, அதன் மேல் அழுத்தாமல், உள்ளங்கையால் வட்டமாக. தொடையின் முன்பக்கத் தசைதான் முழங்காலைத் தாங்குவது, அதற்குத்தான் அதிக நேரம். அம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்துப் பாதி வாக்கியத்தில் தூங்கிவிடுவார், மறுநாள் மீதியைச் சொல்வார். பயிற்சிக்குப் பதிலாக இதைச் செய்யவில்லை. வலி தணிந்திருக்கும் காலையில் பயிற்சி செய்யச் சம்மதிப்பார், அதற்காகத்தான்.

மார்ச் 2

இதைத் தனியாக எழுதுகிறேன். மசாஜ் பற்றிய பேச்சில் இது விடுபட்டால் நான் எழுதிய மற்றதெல்லாம் ஆபத்து.

அம்மாவுக்குக் கடைசியில் மூட்டு மாற்று அறுவை செய்தோம். வீட்டுக்கு வந்த பிறகு அறுவை செய்த காலில் வீக்கம் இருந்தது. அது எதிர்பார்த்ததுதான், டாக்டரும் சொல்லியிருந்தார். ஒரு நாள் சாயங்காலம், "கெண்டைக்கால் குடையுதுப்பா, கொஞ்சம் உருவி விடேன்" என்றார். போர்வையை விலக்கி இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முட்டியைச் சுற்றி இருந்த பழைய வீக்கம் வடிந்திருக்க, கீழே கெண்டைக்கால் முதல் நாள் இருந்ததைவிடத் தடித்திருந்தது. தோல் இழுத்துக் கட்டியது போல மினுமினுத்தது. புறங்கையை வைத்தால் மற்றக் காலைவிடச் சூடு தெளிவாகத் தெரிந்தது. விரல் நுனியால் தொட்டதற்கே அம்மா காலை இழுத்துக்கொண்டார். உருவவில்லை. மருத்துவமனைக்குப் போன் போட்டேன், அன்றைக்கே ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். ஆழத்தில் இருக்கும் சிரையில் ரத்தக்கட்டி.

கட்டி இருக்கும் காலை உருவினால் துண்டு பெயர்ந்து, ரத்தத்தோடு போய் நுரையீரலில் அடைத்துக்கொள்ளலாம். கால் மசாஜுக்குப் பிறகு அப்படி நடந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அறுவை, எலும்பு முறிவு, நீண்ட பயணம், பல நாள் படுக்கை, பிரசவம், புற்றுநோய் இவற்றில் எதற்காவது பிறகு ஒரே ஒரு காலில் புதிதாக வலி, வீக்கம், சூடு என்றால் கை வைக்கக் கூடாது, டாக்டர்தான். அம்மாவுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள், நலமாக இருக்கிறார்.

மார்ச் 3

வேறு யாருக்கெல்லாம் கூடாது என்ற கேள்விகளுக்குச் சேர்த்து. காய்ச்சல் இருக்கும்போது வேண்டாம். திறந்த புண், தோல் தொற்று, புதிய எலும்பு முறிவு உள்ள இடத்தில் வேண்டாம். எலும்பு மிகவும் மெலிந்தவர்களுக்கு முதுகில் எடை போட்டு அழுத்தவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு ஆழமான அழுத்தம் உள்ளே ரத்தக் கசிவை உண்டாக்கலாம். வலியோடு மரத்துப்போதல், கால் பலமிழப்பு, சிறுநீர் அடக்க முடியாமை வந்தால் மசாஜ் மேசை அதற்கான இடமே இல்லை.

கழுத்தின் முன்பக்கத்தைத் தொடவே தொடாதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் பெரிய தமனிகள் அங்கே ஓடுகின்றன. இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கும் அதிர்வு மசாஜ் கன்னையும் கழுத்தில் வைக்க வேண்டாம். அதைக் கழுத்தில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியவருக்குத் தமனியின் உட்சுவர் கிழிந்ததும், தொடையில் அளவு மீறிப் பயன்படுத்தியவருக்குத் தசை சிதைந்து சிறுநீர் கருத்ததும் பதிவான சம்பவங்கள். தொடை, பிட்டம் போன்ற தடித்த தசையில், குறைந்த வேகத்தில், ஓர் இடத்தில் ஓரிரு நிமிடம். எலும்பின் மேல் வேண்டாம்.

மார்ச் 8

புற்றுநோய் உள்ளவருக்கு மசாஜ் செய்தால் நோய் பரவிவிடுமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அவர் அப்பாவுக்காகக் கேட்டது, எழுத்திலேயே கை நடுக்கம் தெரிந்தது. பரவும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் 1,290 நோயாளிகளுக்கு மசாஜ் கொடுத்து, முன்னும் பின்னும் கேட்டதை 2004-இல் வெளியிட்டார்கள். வலி, களைப்பு, பதற்றம், குமட்டல் எல்லாம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். ஒப்பிட இன்னொரு பிரிவு இல்லாத கணக்கு அது, அதனால் எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம்.

கட்டி இருக்கும் இடம், கதிர்வீச்சு பட்ட தோல், ஊசி மருந்துக் குழாய் பொருத்திய இடம், நோய் பரவிய எலும்பு, இவற்றின் மேல் அழுத்தம் கூடாது. நிணநீர் முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கையில் வீக்கம் இருந்தால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்தான் தொட வேண்டும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைவாக இருக்கும் நாட்களில் லேசான அழுத்தமே கன்றிவிடும். அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கையையும் பாதத்தையும் பிடித்துவிடுங்கள். நீண்ட நாள் நோயில் கிடப்பவர்களை எல்லாரும் ஊசிக்காகவும் பரிசோதனைக்காகவும் மட்டுமே தொடுகிறார்கள். உங்கள் அப்பாவின் உள்ளங்கையைப் பத்து நிமிடம் மெதுவாக நீவிவிடுவது எந்த விதத்திலும் சின்ன உதவி இல்லை.

மார்ச் 15

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "இவ்வளவும் படித்தேன், என் கழுத்துக்கு நான் என்ன செய்ய?" என்கிறார்.

நீங்கள் சொன்னதில் கை மரத்துப்போதல், விரலில் பலமின்மை எதுவும் இல்லை. இருந்தால் முதலில் டாக்டர். இல்லையென்றால் நான்கு வாரம் ஒதுக்கிப் பாருங்கள். வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம். அதற்கு வசதிப்படாவிட்டால் வாரம் ஒன்றாவது, ஆனால் அரை மணியாகக் குறைக்காதீர்கள். போகும் இடத்தில் உங்கள் நோய், மருந்து, பழைய அறுவை எல்லாவற்றையும் கேட்கிறார்களா என்று பாருங்கள். ஒன்றும் கேட்காமல் படுக்கச் சொல்பவரிடம் படுக்காதீர்கள். வலித்தால் சொல்லுங்கள். சொன்ன பிறகும் குறைக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள், அது உங்கள் உரிமை.

நான்கு வாரத்தில் சாயங்காலத் தலைவலி குறைந்தால் அந்தக் காலத்தை வீணாக்காமல் கழுத்துக்கும் தோளுக்கும் பலம் தரும் பயிற்சியைத் தொடங்குங்கள். நாற்காலியும் திரையின் உயரமும் அப்படியே இருந்தால் வலி திரும்பும். குறையவே இல்லை என்றால் நிறுத்திவிட்டு வேறு வழி பார்க்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மார்ச் 15, மீண்டும்

ஒன்று விட்டுப்போனது. ஒரு மணி நேரம் படுத்திருந்துவிட்டுச் சட்டென்று எழாதீர்கள். மசாஜில் ரத்த அழுத்தம் சற்று இறங்கியிருக்கும், தலை சுற்றும். ஒருக்களித்து, கையை ஊன்றி உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து நில்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள், அவர்கள் செருப்பு மாட்டும்வரை பக்கத்திலேயே இருங்கள்.